பிம்பமும் வாக்கும்: காரைக்காலில் கேட்கப்படாத பார்வையாளர்கள்

எம்.ஜி.ஆர். அ.தி.மு.க.வைத் தொடங்கியது 1972 அக்டோபர் 17. தமிழ்நாட்டின் முதலமைச்சரானது 1977இல். இந்த இரண்டுக்கும் நடுவில் நடந்த ஒன்றைத் தமிழ் சினிமா அரசியலைப் பற்றி எழுதுகிறவர்கள் பெரும்பாலும் ஓரிரு வரியில் தாண்டிப் போய்விடுகிறார்கள். 1974இல் நடந்த புதுச்சேரிச் சட்டமன்றத் தேர்தலில் 30 இடங்களில் 12 இடங்களைப் பிடித்த அ.தி.மு.க., இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியின் துணையோடு ஆட்சி அமைத்தது. அந்தக் கட்சியின் முதல் ஆட்சியே அதுதான். மார்ச் 6 அன்று முதலமைச்சராகப் பொறுப்பேற்ற எஸ். ராமசாமி காரைக்கால்காரர். பெரும்பான்மை போதாமல் அந்த மாதம் 28ஆம் தேதியே ஆட்சி கவிழ்ந்தது. 1977இல் மறுபடியும் அவரே முதலமைச்சர். 1978 நவம்பர் வரை நீடித்தார். 1980 ஜனவரியில் அடுத்த தேர்தல் வந்தபோது புதுச்சேரி ஒன்றியப் பகுதியில் அ.தி.மு.க.வுக்கு ஓர் இடம்கூடக் கிடைக்கவில்லை.

ஆறே ஆண்டில் இவ்வளவு ஏற்றமும் இறக்கமும். இந்த ஆறு ஆண்டும் மக்கள் பார்த்த முகம் ஒன்றுதான், படங்களும் அவையேதான். எம்.ஜி.ஆரின் கடைசிப் படமே 1978 பொங்கலுக்குத்தான் வந்தது. நட்சத்திரத்தின் பிம்பம் வாக்காக மாறுகிறது என்பது உண்மையானால், 1974இல் மாறியது 1980இல் ஏன் மாறவில்லை? பிம்பம் என்பதைப் பற்றியும், அதைப் பார்க்கிறவர்களை ஆராயும் முறைகளைப் பற்றியும் இதுவரை எழுதப்பட்டவற்றை இந்தக் கேள்வியோடு படித்துப் பார்க்க வேண்டும் என்பதே இந்தக் கட்டுரையின் நோக்கம். புதுச்சேரி ஒன்றியப் பகுதியைச் சேர்ந்த காரைக்கால் அதற்கு ஏற்ற இடம். சுமார் 160 சதுர கிலோமீட்டர் பரப்பு. 2011 கணக்கெடுப்பில் இரண்டு லட்சத்தைச் சற்றே தாண்டிய மக்கள்தொகை. கிழக்கே கடல், மற்ற பக்கமெல்லாம் தமிழ்நாடு. தலைநகரான புதுச்சேரியோ சுமார் 130 கிலோமீட்டருக்கு அப்பால். நாகப்பட்டினத்துக்காரரும் காரைக்கால்காரரும் பார்த்த படம் ஒன்று, படித்த பத்திரிகை ஒன்று, கேட்ட வானொலி ஒன்று. வாக்குப் பெட்டி மட்டும் வேறு.

நட்சத்திர பிம்பம் என்ற கருத்தைக் கல்விப்புலத்தில் நிலைநாட்டியவர் இங்கிலாந்தின் ரிச்சர்ட் டையர். 1979இல் வெளிவந்த 'ஸ்டார்ஸ்' என்ற நூலில், நாம் நட்சத்திரம் என்று அறிவது ஒரு மனிதரை அன்று, அவரைச் சுற்றிச் சேர்ந்த படங்கள், பேச்சுகள், எழுத்துகளின் தொகுப்பை என்று அவர் காட்டினார். படநிறுவனம் செய்யும் விளம்பரம், பத்திரிகையில் தானாகக் கசிந்ததுபோல் வரும் செய்தி, படங்கள், அவற்றைப் பற்றிய விமர்சனம் என நான்கு ஊற்றுகளிலிருந்து அது நிரம்புகிறது. எம்.ஜி.ஆரிடம் இவற்றைத் தேடி அலைய வேண்டியதில்லை. 1967 ஜனவரி 12 அன்று எம்.ஆர். ராதா சுட்டதில் கழுத்தில் கட்டோடு மருத்துவமனையில் படுத்திருந்த புகைப்படம் தேர்தல் சுவரொட்டியானது. பிரசாரத்துக்கே போகாமல் பரங்கிமலையில் அவர் வென்றார். அந்தப் படம் எந்தச் சினிமாவிலும் இல்லை. ஆனால் அடிபட்டும் எழுந்துவரும் நாயகனைப் பல படங்களில் பார்த்துப் பழகியவர்களுக்கு அது அடுத்த காட்சிதான்.

டையர் சொன்ன இன்னொன்று இதைவிட முக்கியம். பிம்பத்துக்குப் பல பொருள் உண்டு. ஆனால் அந்தப் பொருள்கள் கட்டற்றவை அல்ல, ஒரு வரம்புக்குள் நிற்பவை. 'படகோட்டி' (1964) இரண்டு மீனவக் கூட்டங்களின் பகையைச் சொல்லும் கதை. 'விவசாயி' 1967, 'ரிக்‌ஷாக்காரன்' 1971, 'மீனவ நண்பன்' 1977. கிளிஞ்சல்மேட்டிலும் காரைக்கால்மேட்டிலும் வலையிழுத்தவர்களுக்கு ஒரு எம்.ஜி.ஆர்., நெடுங்காட்டிலும் திருநள்ளாற்றிலும் நாற்று நட்டவர்களுக்கு இன்னொரு எம்.ஜி.ஆர். பக்கத்துக் கிராமத்தோடு வலைத் தகராறில் சிக்கிய ஒருவர் 'படகோட்டி'யைப் பார்ப்பதும், கடல் தொழிலே தெரியாத வயல்கூலி பார்ப்பதும் ஒரே பார்வையாக இருந்திருக்க முடியாது. இருந்திருக்க முடியாது என்றுதான் என்னால் சொல்ல முடிகிறது. எப்படி இருந்தது என்று அவர்களிடம் யாரும் கேட்டு எழுதி வைக்கவில்லை.

பிம்பத்தை உண்டாக்குவது யார் என்ற கேள்விக்குக் காரைக்காலில் ஒரு பழைய கதை இருக்கிறது. பின்னாளில் காரைக்கால் அம்மையாரான புனிதவதியின் கையில் மாங்கனி வந்த அதிசயத்தைக் கண்ட கணவன் பரமதத்தன் அவளை மனைவியாக நினைக்க அஞ்சிப் பிரிந்து போகிறான். வேறொரு மணம் செய்து, பிறந்த மகளுக்கு அவள் பெயரையே வைக்கிறான். அவளைச் சுற்றத்தார் அழைத்து வந்து நிறுத்தியபோது காலில் விழுகிறான். அவளைத் தெய்வமாக்கியது பார்த்தவனின் கண். அதன் பிறகுதான் அவள் தசையைக் களைந்து பேயுருவை வேண்டிப் பெறுகிறாள். ஆனி மாதத்து மாங்கனித் திருவிழாவில் வீட்டு மாடிகளிலிருந்து மாம்பழம் வீசுகிறவர்களும், கீழே பாய்ந்து பிடிக்கிறவர்களும் இன்றும் அந்தக் கதையைத் தங்கள் கையால் நடத்திக் காட்டுகிறார்கள். பிம்பம் பார்க்கிறவரிடம் போய்த்தான் முழுமை அடைகிறது என்பதை ஊடகவியல் இருபதாம் நூற்றாண்டின் பின்பாதியில்தான் ஏற்றுக்கொண்டது. ஸ்டுவர்ட் ஹால் 1973இல் அனுப்புகிறவர் வைக்கும் பொருளும் பெறுகிறவர் எடுக்கும் பொருளும் ஒன்றாக இருக்க வேண்டியதில்லை என்று கோட்பாடாக எழுதினார். டேவிட் மார்லி 1980இல் பிரிட்டிஷ் தொலைக்காட்சிப் பார்வையாளர்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்.

தமிழுக்கு வருவோம். கார்த்திகேசு சிவத்தம்பி, சினிமாக் கொட்டகைதான் தமிழர்கள் சாதி பாராமல் ஒரு கூரையின்கீழ் கூடிய முதல் இடம் என்ற கருத்தை முன்வைத்தார். அமெரிக்கரான ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1970களில் கேள்வித்தாளோடு இறங்கினார். யார் எந்த நடிகரின் ரசிகர், எந்தக் கட்சிக்கு வாக்களித்தார் என்று கேட்டு இரண்டுக்கும் உள்ள தொடர்பைத் தேடினார். எம்.எஸ்.எஸ். பாண்டியனின் நூல் 1992இல் ஆங்கிலத்தில் வந்தது. தமிழில் 'பிம்பச் சிறை'. எம்.ஜி.ஆர். ஆட்சி ஏழைகளுக்குப் பெரிதாக ஒன்றும் செய்யாதபோதும் ஏழைகள் ஏன் அவரோடு நின்றார்கள் என்ற கேள்வியை அவரைப்போல் துணிந்து கேட்டவர் இல்லை. திரைப்படம், பாட்டு, வாழ்க்கை வரலாற்றுப் பிரசுரம், நாட்டார் வீரர் கதை எல்லாவற்றையும் அவர் சேர்த்துப் படித்தார். ஆனாலும் அந்த நூலில் என்னை நிறைவு செய்யாத இடம் ஒன்று உண்டு. சிறைக்குள் இருப்பதாகச் சொல்லப்படுகிறவர்களின் குரல் அதில் மிகக் குறைவு. படத்திலிருந்து பார்வையாளரை ஊகிக்கும் முறை அது. சிறையின் சுவரைப் பாண்டியன் அளந்த அளவுக்கு, உள்ளே இருந்தவர்கள் எப்போதெல்லாம் வெளியே நடந்து போனார்கள் என்று பார்க்கவில்லை.

1980 ஜனவரி அப்படி ஒரு வெளியேற்றம். 1979 தொடக்கத்தில் பிரதமர் மொரார்ஜி தேசாய் புதுச்சேரியின் பகுதிகளை அண்டை மாநிலங்களோடு இணைக்கும் பேச்சை எடுத்தார். பெருங்கிளர்ச்சி வெடித்தது. அ.தி.மு.க. இணைப்பின் பக்கம் நிற்கும் கட்சியாக மக்கள் கண்ணில் பட்டது. 1954 நவம்பர் 1 வரை பிரெஞ்சு ஆட்சி, 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படியான இணைப்பு, தனிச் சட்டமன்றம் என்று தனக்கென ஒரு வரலாறு உள்ள பகுதி, வாத்தியார் எம்.ஜி.ஆரின் முகத்துக்காக அதை விட்டுக்கொடுக்கத் தயாராக இல்லை. ஆனால் இதோடு விளக்கத்தை முடித்துவிடுவதும் தவறு. அதே ஜனவரியில் தமிழ்நாட்டிலும் அ.தி.மு.க. மக்களவைத் தேர்தலில் 39இல் இரண்டே தொகுதிகளை வென்றது. இந்திரா அலை அங்கும் அடித்தது. நான்கே மாதத்தில் சட்டமன்றத் தேர்தலில் 129 இடங்களோடு எம்.ஜி.ஆர். மீண்டார். புதுச்சேரியின் சுழியத்தில் இணைப்புக்கு எதிரான கோபம் எவ்வளவு, இந்திரா அலை எவ்வளவு, உள்ளூர்க் கணக்கு எவ்வளவு? 1974க்கும் இதே கேள்வி. அப்போது தோற்ற தி.மு.க. அரசின் முதலமைச்சர் பாரூக் மரைக்காயரும் காரைக்காலில் பிறந்தவர். வென்ற ராமசாமியும் காரைக்கால். தலைநகருக்கு வெளியே இருக்கும் ஓர் ஊரில் இரண்டு உள்ளூர்க்காரர்களுக்கு நடுவே நடந்த தேர்வை எம்.ஜி.ஆர். அலை என்ற இரண்டு சொல்லில் அடக்கியது யாருடைய வசதிக்காக?

வாக்கு எண்ணிக்கை என்ன நடந்தது என்று சொல்லும், ஏன் என்று சொல்லாது. ஏன் என்பதற்குத்தான் பார்வையாளர் ஆய்வு.

அந்த ஆய்வின் இந்திய வரலாற்றில் ஆரம்பத்திலிருந்தே காரைக்கால் வெளியில்தான் நின்றது. சென்னை வழக்கறிஞர் டி. ரங்காச்சாரியார் தலைமையில் 1927இல் அமைந்த இந்திய சினிமா விசாரணைக் குழு 4,325 கேள்வித்தாள்களை அனுப்பி 1,491 பதில்களைப் பெற்றது. 353 சாட்சிகளை விசாரித்தது. இந்தியாவில் திரைப்படப் பார்வையாளரைப் பற்றி நடந்த முதல் பெரிய விசாரணை அது. அது பிரிட்டிஷ் இந்தியாவின் குழு. பிரெஞ்சுக் காரைக்கால் அதன் கண்ணில் படவே இல்லை. இன்னொன்றும் கவனிக்க வேண்டும். கேள்வித்தாளை நிரப்பி அனுப்பக்கூடியவர்கள் அதிகாரிகள், வணிகர்கள், படித்தவர்கள். தரை டிக்கெட்காரரைப் பற்றி அவர்கள் சொன்னார்கள். தரை டிக்கெட்காரர் சொல்லவில்லை.

இப்போது தொலைக்காட்சிக்கு, யார் எதைப் பார்க்கிறார்கள் என்று சில வீடுகளில் மீட்டர் வைத்து அளக்கும் பார்க் அமைப்பின் கணக்கு. 2015இலிருந்து வாராவாரம் வருகிறது. சேனல்காரர்களும் விளம்பரக்காரர்களும் அதை வைத்துத்தான் எந்த முகத்துக்கு என்ன விலை என்று முடிவு செய்கிறார்கள். அந்தக் கணக்கில் தமிழ்நாடும் புதுச்சேரியும் ஒரே சந்தை. 1979இல் தெருவில் இறங்கித் தடுத்த இணைப்பு, புள்ளிவிவரத்தில் சத்தமில்லாமல் நடந்து முடிந்திருக்கிறது. நாட்டில் சுமார் 21 கோடித் தொலைக்காட்சி வீடுகளுக்கு மீட்டர் வைத்த வீடுகள் 55,000 என்று கொண்டால் ஏறக்குறைய 3,800 வீட்டுக்கு ஒன்று. காரைக்காலில் குடும்பத்துக்கு நான்கு பேர் வீதம் 50,000 வீடுகள் என்று வைத்தால், விகிதப்படி அந்த மாவட்டத்துக்குக் கிடைக்கும் மீட்டர் 13. மீனவக் கிராமம், நெல்வயல் ஊர், மரைக்காயர் தெரு, பிரெஞ்சு ராணுவ ஓய்வூதியம் வாங்கும் சொல்தா குடும்பம், திருநள்ளாற்றுக் கடைவீதி எல்லாம் இந்த 13க்குள் அடங்க வேண்டும். பதின்மூன்று வீட்டை வைத்து ஊரில் பாதிப் பேர் இதைப் பார்த்தார்கள் என்று சொன்னால் அதில் ஏறவோ இறங்கவோ 27 சதவீதம் பிழை இருக்கலாம். மீட்டர் வீடுகளுக்குப் பணம் கொடுத்ததாக 2020இல் மும்பையில் எழுந்த வழக்கையும், அதைத் தொடர்ந்து செய்திச் சேனல்களின் மதிப்பீடு 2022 மார்ச் வரை நின்றதையும் பலர் நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு அந்த ஊழலைவிட இந்தப் பதின்மூன்றுதான் பெரிய குறையாகப் படுகிறது. ஊழலைச் சட்டம் திருத்தலாம். சின்ன ஊரைப் பெரிய ஊருக்குள் கரைக்கும் முறையை யாரும் குற்றமாகவே கருதுவதில்லை.

மாதிரிக் கணக்கில் பலருக்கும் பிடிபடாத ஓர் உண்மை இருக்கிறது. ஆயிரம் பேரைச் சரியாகப் பொறுக்கிக் கேட்டால் பிழை சுமார் 3 சதவீதம். இது தமிழ்நாட்டின் எட்டுக் கோடிக்கும் பொருந்தும், காரைக்காலின் இரண்டு லட்சத்துக்கும் ஏறத்தாழ அப்படியே பொருந்தும். ஊர் சின்னதாக இருப்பதால் மாதிரியைச் சின்னதாக்க முடியாது. நானூறு பேரைக் கேட்டால் பிழை 5 சதவீதம். தேர்தல் கருத்துக்கணிப்புகளும் சந்தை ஆய்வுகளும் காரைக்காலைத் தனியாகக் கேட்காததற்குக் காரணம் செலவு மட்டுமே. கேட்டால் தெரியவரும்.

எண்ணிக்கை ஒரு பக்கம் இருக்கட்டும். பிம்பத்தைப் பற்றி நமக்கு மிக ஆழமாகச் சொன்ன ஆய்வு ஒன்று பாடகியைப் பற்றியது, நடிகரைப் பற்றியது அன்று. 1943 செப்டம்பரில் அமெரிக்கப் பாடகி கேட் ஸ்மித் 18 மணி நேரம் வானொலியில் திரும்பத் திரும்பப் பேசிப் போர்க் கடன் பத்திரங்கள் விற்றார். ஒரே நாளில் சுமார் 39 மில்லியன் டாலர். சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் அதைக் கேட்டவர்களில் நூறு பேரிடம் நீண்ட நேர்காணல் நடத்தினார், சுமார் ஆயிரம் பேரிடம் கருத்துக் கேட்டார், ஒலிபரப்பின் வாசகங்களையும் பகுத்தார். மூன்றையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்த்தபோது, கேட்டவர்களைப் பிடித்து இழுத்தது தேசபக்தி வாசகங்களைவிட அவர் மனதாரச் சொல்கிறார் என்ற நம்பிக்கைதான் என்று தெரிந்தது. விளம்பரமே மூச்சான உலகில் ஒரு மனிதராவது உண்மையாகப் பேசுகிறார் என்று நம்ப ஏங்கினார்கள். எம்.ஜி.ஆர். பிம்பத்தில் வள்ளல் என்ற பகுதி ஏன் அவ்வளவு வலுவாக நின்றது என்று யோசிக்கும்போதெல்லாம் எனக்கு மெர்ட்டன் நினைவுக்கு வருகிறார். அப்படி ஒரு முழு ஆய்வு தமிழில் இன்னும் செய்யப்படவில்லை என்பது வருத்தம்.

வானொலி என்றதும் இந்தக் கடற்கரை வேறொன்றையும் சொல்லும். இலங்கை வானொலியின் தமிழ் வர்த்தக ஒலிபரப்பு காவிரிக் கழிமுகக் கரையில் உள்ளூர் நிலையம்போல் கேட்டது. மயில்வாகனன், கே.எஸ். ராஜா, பி.எச். அப்துல் ஹமீத் ஆகியோரின் குரல் வீட்டுக்கு வீடு பழக்கம். முகம் பெரும்பாலோருக்குத் தெரியாது. டோனால்ட் ஹார்ட்டனும் ரிச்சர்ட் வோலும் 1956இல் விவரித்த ஒருபக்க நட்பு, அதாவது தன்னை அறியாத ஒருவரைத் தன் ஆள்போல் உணர்வது, குரலை மட்டும் வைத்தே இங்கு நடந்தது. தமிழ்நாட்டிலிருந்து நேயர்கள் பெயரையும் ஊரையும் எழுதி மூட்டை மூட்டையாகக் கடிதம் அனுப்பினார்கள். நெதர்லாந்தில் இயென் ஆங் 'டல்லஸ்' தொடரைப் பற்றிப் பத்திரிகை விளம்பரம் கொடுத்து வந்த 42 கடிதங்களை வைத்தே 1982இல் ஒரு முக்கியமான நூல் எழுதினார். ஜாக்கி ஸ்டேசி, 1940களிலும் 50களிலும் ஹாலிவுட் நடிகைகளைப் பார்த்த பிரிட்டிஷ் பெண்களிடம் கடிதம் வாங்கி, அவர்கள் நடிகையைப்போல் தலை வாரியது, உடுத்தியது, நடந்தது எல்லாவற்றையும் 1994இல் எழுதினார். நமக்குக் கடிதம் எழுதும் மரபு அவர்களைவிடப் பெரிது. பாதுகாக்கத்தான் ஆளில்லை.

கூடவே இருந்து பார்க்கும் கள ஆய்வுகளில் இரண்டைச் சொல்ல வேண்டும். சாரா டிக்கி 1980களின் நடுவில் மதுரையின் ஏழைக் குடியிருப்புகளில் தங்கி எழுதியது 1993இல் நூலானது. ரசிகர் மன்றத்தினர் செய்யும் சமூக சேவை, நட்சத்திரத்தின் நற்பெயரைத் தங்கள் மேலும் ஏற்றிக்கொள்ளும் வழி என்று அவர் கண்டார். ரோஸ் கெரிட்சன் அதற்கு ஒரு தலைமுறை கழித்துப் புதுச்சேரியில் ரஜினி மன்றங்களோடு பழகி, 2019இல் நூல் வெளியிட்டார். பேனரில் ரஜினிக்குக் கீழே வரிசையாக இருக்கும் மன்றத்தாரின் முகங்களை அவர் கூர்ந்து கவனித்தார். யாருடைய படம் எவ்வளவு பெரிது, யார் யாருக்குப் பக்கத்தில் என்பதில் உள்ளூர் அதிகாரப் போட்டியே இருக்கிறது. நட்சத்திரத்தின் பிம்பம் அங்கே ரசிகர் தன் பிம்பத்தை ஊருக்குக் காட்டும் இடமாகிறது. பாண்டியன் சொன்ன சிறையைக் கெரிட்சன் பார்த்த பேனரோடு வைத்துப் பார்த்தால், உள்ளே இருப்பவர் கைதியாகத் தெரியவில்லை. ஆனால் அந்த ஆய்வும் காரைக்காலுக்கு வரவில்லை.

புதுச்சேரி அரசியல் இன்னொரு பாடத்தையும் வைத்திருக்கிறது. 2011 பிப்ரவரியில் கட்சி தொடங்கி மே மாதமே மீண்டும் முதலமைச்சரானவர் என். ரங்கசாமி. எம்.ஜி.ஆருக்குத் தமிழ்நாட்டில் ஐந்து ஆண்டு எடுத்தது. ரங்கசாமி எந்தப் படத்திலும் நடித்தவர் அல்ல. மோட்டார் சைக்கிளில் போகும் எளியவர் என்ற பிம்பம் தெருவிலேயே உருவானது. திரையை மட்டும் பார்த்து எழுதப்பட்ட கோட்பாட்டுக்கு இவர் அகப்பட மாட்டார்.

இன்றைக்கு எல்லாரும் எடுக்கும் அளவுகோல் கூட்டம். யூடியூப் பார்வை எண்ணிக்கை, முதல் நாள் வசூல், சாலையில் திரண்ட தலைகள். 2025 செப்டம்பர் 20 அன்று நாகப்பட்டினத்தில் நடிகர் விஜய் பேசியபோது திரண்ட கூட்டத்தை வைத்துக் கழிமுக மாவட்டங்களின் வாக்கைக் கணித்தவர்கள் எத்தனையோ பேர். ஒரு வாரத்தில் கரூரில் அவருடைய கூட்டத்தின் நெரிசலில் 41 உயிர்கள் போயின. அந்தக் கூட்டத்தில் நின்றவர்கள் எதற்காக வந்தார்கள், எவ்வளவு நேரம் நின்றார்கள், குழந்தையை ஏன் தூக்கி வந்தார்கள் என்பதெல்லாம் பார்வையாளர் ஆய்வு முன்பே கேட்டிருக்க வேண்டிய கேள்விகள். கேட்டிருந்தால் கூட்டத்தை எண்ணாகப் பார்க்கும் பழக்கமாவது குறைந்திருக்கும்.

காரைக்காலில் இந்த ஆய்வு நடந்தால் எந்த முறை பொருந்தும்? வெளிநாட்டுப் பாடநூல் சொல்லும் குழு உரையாடலை மீனவக் கிராமத்தில் வைத்தால் ஊர்த் தலைவர்களான நாட்டார் பேசுவார்கள், மற்றவர்கள் தலையசைப்பார்கள், பெண்கள் வரவே மாட்டார்கள். பெண்களைக் கேட்க வேண்டுமானால் ஏலக்கூடத்திலும் மீன் கூடையோடு பஸ் ஏறும் இடத்திலும்தான் கேட்க வேண்டும். மரைக்காயர் வீடுகளில் சிங்கப்பூர், மலேசியா, பிரான்ஸ் போன உறவுகள் எந்த நடிகரின் வீடியோ கேசட்டைக் கொண்டுவந்தார்கள் என்பதிலிருந்து தொடங்கலாம். சொல்தா குடும்பங்களில் பிள்ளைகள் பாரிஸில் எந்தப் படத்துக்குப் போகிறார்கள் என்று கேட்கலாம். ஊரில் பழைய ஆட்கள் சிலரிடம் மன்ற ரசீதுப் புத்தகம், சுவரொட்டி, மாலை போட்ட புகைப்படம் இருக்கும். அவற்றை மேசைமேல் வைத்துக்கொண்டு பேசினால் வெறுங்கேள்விக்கு வராத பதில் வரும். நானூறு பேர் கேள்வித்தாளும் கூட வேண்டும். மெர்ட்டன் செய்ததுபோல் இரண்டையும் ஒன்றோடொன்று ஒட்டிப் பார்க்க வேண்டும். பெரிய நிதி தேவைப்படும் வேலை அல்ல. காரைக்காலின் கல்லூரி மாணவர்கள் இரண்டு பருவத்தில் செய்து முடிக்கலாம்.

அவசரம் ஒன்று இருக்கிறது. 1974இல் வாக்களிக்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 18 ஆனது 1989இல்தான். 1974 தேர்தலில் முதல் வாக்கைப் போட்டவர்களில் ஆக இளையவர்களே 1953 வாக்கில் பிறந்தவர்கள், இப்போது எழுபதைத் தாண்டியவர்கள். 1974இல் அ.தி.மு.க.வின் இலைக்குப் போட்டீர்களா, 1980இல் யாருக்குப் போட்டீர்கள், நடுவில் 'மீனவ நண்பன்' பார்த்தீர்களா, இணைப்பு எதிர்ப்புக் கிளர்ச்சியில் தெருவுக்கு வந்தீர்களா, வீட்டுச் சுவரில் இருந்த வாத்தியார் படத்தை அப்போது கழற்றினீர்களா, இல்லை படம் அப்படியே இருக்க வாக்கை மட்டும் மாற்றினீர்களா என்று கேட்க வேண்டும். கடைசிக் கேள்விக்கான பதில் தெரிந்தால், பிம்பமும் வாக்கும் ஒன்றா இரண்டா என்ற ஐம்பது ஆண்டு விவாதத்துக்குக் காரைக்காலிலிருந்து ஒரு சான்று கிடைக்கும்.